கூரையைப் பற்றியும் நாம் கேட்க வேண்டும்

(யாழ்ப்பாணம் வந்திருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் ஒன்றுகூடலில், மலையகத்தில் பிறந்து இன்று யாழ்ப்பாணத்தில் மேசன் வேலை செய்யும் நமது முன்னாள் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை.)



காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் உங்களில் ஒரு அக்கா என்னைப் பார்த்து, "தம்பி, இந்த வெக்கையில எப்படித்தான் குடியிருக்கீங்க?" என்று கேட்டார். அப்போது சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கேள்விக்குத்தான் இப்போது பதில் சொல்லப் போகிறேன். எனக்கு மேடைப்பேச்சு வராது. நான் மேசன். சுவர் கட்டுவேன், கூரை போடுவேன். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

நான் பிறந்தது லயத்தில். 10 அடிக்கு 12 அடி காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, மேலே தகரம். பகலில் அந்தத் தகரம் கொதிக்கும். இரவில் பனி பிடித்துச் சொட்டும். மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. எங்கள் அம்மா கொழுந்து பறித்துவிட்டு வந்து, மத்தியானம் கொஞ்ச நேரம் சாயலாம் என்று பாயைப் போட்டால், பத்து நிமிடத்தில் எழுந்து வெளியே வந்துவிடுவார். வீடு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். கூரையை மாற்றினால் வீடே மாறும் என்பது, பாதை திறந்த பிறகு இங்கே வேலைக்கு வந்துதான் எனக்குத் தெரிந்தது.

யாழ்ப்பாணத்து வெயில்

முதலில் இந்த ஊரைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே மலை இல்லை. மேகம் தங்குவதற்கு இடமில்லை. அடியில் சுண்ணாம்புக் கல். மழையில் பெரும் பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்து முடிந்துவிடும். மற்ற மாதங்களில் வெயில்தான். ஏப்ரல் நடுப்பகுதியில், அதாவது சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் மேலே வந்து நிற்கும். ஆகஸ்ட் கடைசியில் மறுபடியும் ஒரு தடவை வரும். அந்த நாட்களில் நண்பகலில் உங்கள் நிழல் உங்கள் காலடியில்தான் கிடக்கும். சுவரில் வெயில் படுவதே இல்லை. முழு வெயிலையும் வாங்குவது கூரை மட்டும்தான்.

இந்த ஊர்ப் பழைய ஆட்கள் இதைத் தெரிந்துதான் வீடு கட்டினார்கள். வசதி இல்லாதவர் பனையோலையும் கிடுகும் வேய்ந்தார். வசதி உள்ளவர் ஓடு போட்டு, நடுவில் முற்றம் விட்டு, நாற்சார் வீடு கட்டினார். முகடு உயரமாக இருக்கும், தாழ்வாரம் இறங்கி வந்து சுவருக்கு நிழல் கொடுக்கும். ஓலைக்குள் காற்று அடைபட்டிருப்பதால் சூடு கீழே இறங்காது. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் சிறு சிறு இடைவெளி இருப்பதால் உள்ளே ஏறும் வெக்கை அதன் வழியே வெளியேறிவிடும்.

ஆனால் ஓலையை அடிக்கடி மாற்ற வேண்டும். தீ பிடிக்கும். வேய்கிற ஆட்களும் குறைந்துவிட்டார்கள். யுத்தத்தில் வீடுகள் இடிந்தன. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தவர்களுக்கு உடனே ஒரு மறைப்பு வேண்டியிருந்தது. அதனால் தகரமும் அஸ்பெஸ்டஸ் சீற்றும் வந்தன. கையில் கிடைத்ததைப் போட்டவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவசரத்துக்குப் போட்ட கூரையின் கீழேதான் பல குடும்பங்கள் இன்றைக்கும் இருக்கின்றன.

சூடு எப்படி உள்ளே வருகிறது?

வெயில் கூரையில் விழும்போது ஒரு பங்கு திரும்பிப் போகும், மிச்சத்தைக் கூரை குடித்துக்கொள்ளும். சுத்தமான வெள்ளை மேற்பரப்பு நூற்றில் 80 பங்கு வெயிலைத் திருப்பி அனுப்பும். சாம்பல் நிறக் கூரை 20 பங்கைத்தான் திருப்பும். கோடை மத்தியானத்தில் இந்த இரண்டு கூரைகளின் மேற்பரப்பு வெப்பத்துக்கும் இடையில் சுமார் 31 பாகை செல்சியஸ் வித்தியாசம் இருக்கும் என்று அமெரிக்காவின் லோரன்ஸ் பெர்க்லி ஆய்வுகூடத்தார் சொல்கிறார்கள். நிறத்தால் மட்டும் வரும் வித்தியாசம் இது. வீட்டுக்குள் அவ்வளவு குறையாது, சில பாகைதான் குறையும். ஆனால் தூக்கம் வருவதும் வராததும் அந்தச் சில பாகையில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. கூரை சூடானால், உள்ளே இருக்கும் காற்று மட்டும் சூடாவதில்லை. அடுப்புப் பக்கம் நின்றால் முகத்தில் அனல் அடிக்கிற மாதிரி, சூடான தகரம் மேலே இருந்து நம் உடம்பில் அனலை அடிக்கும். மின்விசிறி போட்டாலும் போதாமல் போவது அதனால்தான். அந்த விசிறியும் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும், மின்கட்டணம் மட்டும் ஏறும்.

புதுத் தகரம் கண்ணாடி மாதிரி மின்னுகிறதே, அது வெயிலைத் திருப்பாதா என்று கேட்பீர்கள். கொஞ்சம் திருப்பும். ஆனால் வெறும் உலோகம், தான் குடித்த சூட்டை லேசில் வெளியே விடாது. துருப்பிடித்துக் கறுத்துவிட்டால் திருப்புவதும் போய்விடும். கொங்கிறீற் தட்டுக் கூரை வேறு மாதிரி. பகல் முழுக்கச் சூட்டைச் சேர்த்து வைத்து, நாம் படுக்கப் போகும் நேரத்தில் அதைக் கீழே இறக்கும்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பாட்டி இருக்கிறார். அவர் வீடு தகரம், சீலிங் இல்லை. பத்து மணியானால் பாயைத் தூக்கிக்கொண்டு மாமரத்தடிக்கு வந்துவிடுவார். பிறகு நாலு மணிக்குத்தான் உள்ளே போவார். வீடு இருந்தும் பகல் முழுக்க வெளியே இருக்க வேண்டிய நிலை. நடக்கக்கூடியவர் என்பதால் மரத்தடிக்கு வருகிறார். படுக்கையில் கிடப்பவரும் பச்சைப்பிள்ளையும் எங்கே போவார்கள்? கர்ப்பிணித் தாய் என்ன செய்வார்? வெக்கையால் முதலில் பாதிக்கப்படுவது இவர்கள்தான்.

யாழ்ப்பாணம் வேண்டாம் என்று சொன்ன வீடு

2016ஆம் ஆண்டு இங்கே நடந்த ஒரு விஷயத்தை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வடக்கு கிழக்கில் 65,000 உருக்கு வீடுகள் கட்டித்தர அன்றைய அரசாங்கம் திட்டம் போட்டது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று பாகங்களைக் கொண்டுவந்து பொருத்தித் தரும். ஒரு வீட்டுக்குச் சுமார் 21 லட்சம் ரூபா. யாழ்ப்பாணத்தில் மாதிரி வீடும் கட்டிக் காட்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஆனால் சனம் கேள்வி கேட்டது. இந்த வெயிலுக்கு உருக்கு வீடு சரிவருமா? காற்றோட்டம் போதுமா? விறகு அடுப்பு எங்கே வைப்பது? பழுதானால் யார் திருத்துவது? அதே காசில் இரண்டு கல்வீடு கட்டலாமே, எங்கள் மேசனுக்கும் தச்சனுக்கும் வேலை கிடைக்குமே? பொறியியல் பேராசிரியர்களும் குறைகளைச் சொன்னார்கள், மக்கள் பிரதிநிதிகளும் எதிர்த்தார்கள். கடைசியில் அந்த 65,000 வீட்டுத் திட்டம் அந்த வடிவில் நடக்கவில்லை.

இதை யாரையும் குற்றம் சொல்வதற்காக எடுக்கவில்லை. வீடில்லாமல் கொட்டிலில் இருந்த சனம்தான் அந்தக் கேள்விகளைக் கேட்டது. "கிடைக்கிறதை வாங்கு, வாயை மூடு" என்று சொல்லக்கூடிய நிலையில்தான் அவர்களும் இருந்தார்கள். ஆனாலும் கேட்டார்கள்.

சீற்றும் தேயிலையும்

இனி அஸ்பெஸ்டஸ் பற்றி. இதை நான் கூச்சத்தோடுதான் சொல்கிறேன். இங்கே வந்த புதிதில் நான் வேலை செய்த இடத்தில் கிரைண்டரைக் கையில் தந்து சீற்றை வெட்டச் சொன்னார்கள். முகக்கவசம் இல்லை. வெள்ளைத் தூசி மாவு மாதிரிப் பறக்கும். சாரத்தைக் கிழித்து மூக்கில் கட்டிக்கொண்டு வெட்டினேன். எத்தனை வீடு என்று கணக்கில்லை. வேலை முடிந்து அதே உடுப்போடு வந்து பிள்ளையைத் தூக்கியிருக்கிறேன்.

எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதன் நார் கண்ணுக்குத் தெரியாது. நெஞ்சுக்குள் போனால் இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்துக்கூட நோயாக வரும். எனக்கு இன்றுவரை ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு இருமலுக்கும் என் மனைவி என் முகத்தைப் பார்க்கிறார்.

நீல அஸ்பெஸ்டஸை நமது நாடு 1987இலேயே தடை செய்துவிட்டது. வெள்ளை அஸ்பெஸ்டஸ் இறக்குமதியையும் 2018 ஜனவரி முதல் கட்டுப்படுத்தி, 2024க்குள் முற்றாக நிறுத்த முடிவெடுத்திருந்தார்கள். 2017 டிசம்பரில் என்ன நடந்தது தெரியுமா? நமது தேயிலைப் பொதி ஒன்றில் வண்டு இருந்தது என்று சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. வெள்ளை அஸ்பெஸ்டஸை நமக்கு விற்கும் பெரிய நாடும் ரஷ்யாதான். சில நாட்களில் அஸ்பெஸ்டஸ் தடை தள்ளிப்போடப்பட்டது. டிசம்பர் முடிவதற்குள் தேயிலைத் தடையும் நீங்கியது. இரண்டையும் முடிச்சுப் போட்டுத்தான் அப்போது செய்திகள் வந்தன.

நீங்கள் பறித்த கொழுந்து ஒரு பக்கம், நான் வெட்டிய சீற் மறுபக்கம். இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேசினார்கள். அந்தப் பேச்சில் பறித்தவரும் இல்லை, வெட்டியவரும் இல்லை. சங்கம் எதற்கு என்று கேட்கும் இளம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே சீற் இருந்தால் பயந்து பிடுங்கி எறிய வேண்டாம். உடையாமல் இருக்கும்வரை ஆபத்து குறைவு. வெட்டாதீர்கள், துளை போடாதீர்கள், பாசி போக்குவதற்காகக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். உடைந்த துண்டைத் தட்டி நொறுக்கி முற்றத்தில் நிரவ வேண்டாம். பிள்ளைகள் அதை வைத்து விளையாட விடாதீர்கள். மேலே ஏறி நடக்கவே கூடாது, பழைய சீற் சொல்லாமல் உடையும். புது வீட்டுக்கோ திருத்த வேலைக்கோ சீற் தருவதாக இருந்தால், "அஸ்பெஸ்டஸ் இல்லாதது வேண்டும்" என்று கேளுங்கள்.

கையில் உள்ள காசுக்கு என்ன செய்யலாம்?

புதிதாகத் தகரம் வாங்குபவர்களுக்கு முதல் யோசனை: நிறத்தைப் பார்த்து வாங்குங்கள். கடையில் கடும் சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். அதே தடிப்பில் வெள்ளையோ வெளிர் நிறமோ இருக்கிறதா என்று கேளுங்கள். அழுக்குத் தெரியும் என்று பலர் வேண்டாம் என்கிறார்கள். கூரையின் அழகைப் பார்ப்பது காகம்தான், அதன் கீழே படுப்பது நாம்.

இரண்டாவது, பழைய தகரம். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருத் தடுக்கும் பிரைமர் பூசி, அதற்கு மேல் கூரைக்கென்றே விற்கும் வெள்ளைப் பெயின்ற் இரண்டு தடவை அடியுங்கள். சுவர்ப் பெயின்ற் கூரையில் நிற்காது. தை, மாசியில் மழை ஓய்ந்ததும் அடித்தால் சித்திரை வெயிலுக்கு முன் தயாராகிவிடும். அழுக்குப் படிந்தால் வெள்ளையின் வேலை குறையும். அதனால் வருடத்துக்கு ஒரு தடவை கழுவ வேண்டும். கம்பி பிரஷ் தகரத்துக்கு மட்டும்தான், சீற்றுக்கு இல்லை. மறக்க வேண்டாம்.

மூன்றாவது, கொங்கிறீற் தட்டுக் கூரை. இதற்குச் சுண்ணாம்பே போதும். நீற்றிய சுண்ணாம்பை வடித்து, கொஞ்சம் பசை சேர்த்து இரண்டு மூன்று தடவை பூசலாம். மழையில் கரையும், வருடா வருடம் பூச வேண்டிவரும். ஆனால் செலவு குறைவு. கண்ணில் பட்டால் எரிக்கும், கவனம். சுண்ணாம்பைத் தகரத்தில் பூசாதீர்கள். ஈரச் சுண்ணாம்பு, தகரத்தில் இருக்கும் நாகப்பூச்சையும் அலுமினியத்தையும் அரிக்கும். கூரையில் விழும் மழைநீரைச் சேர்த்துக் குடிப்பவர்கள், எதைப் பூசினாலும் முதல் சில மழையை வெளியே ஓட விட வேண்டும்.

நான்காவது, சீலிங். தகரத்துக்குக் கீழே ஒரு மறைப்பு இருந்தாலே அனல் நேராக உடம்பில் அடிக்காது. மறைப்புக்கும் தகரத்துக்கும் இடையில் காற்று ஓட இடம் விட வேண்டும். இரண்டு பக்கச் சுவரின் மேலும் காற்றுத் துளை வையுங்கள். அலுமினியத் தாள் விரிப்பதாக இருந்தால் தகரத்தோடு ஒட்டி வைக்கக் கூடாது, இடைவெளி இல்லாவிட்டால் பயனில்லை. மின்னும் பக்கம் கீழே பார்த்தபடி இருந்தால் தூசி படியாது.

ஐந்தாவது, ஓடு. யாழ்ப்பாணத்துக்கு ஓட்டை மிஞ்ச ஒன்றுமில்லை என்பது என் அனுபவம். ஆனால் பாரம் அதிகம். கைமரமும் சிலாகையும் நல்லதாக இருக்க வேண்டும். தகரம் தாங்கிய மரத்தில் அப்படியே ஓட்டை ஏற்றினால் ஒரு நாள் தலையில் வந்து விழும்.

இதெல்லாம் தனித் தனிக் குடும்பத்தால் முடியாது என்று நினைப்பீர்கள். இந்தியாவில் குஜராத் மாநிலத்தில் அகமதாபாத் என்று ஒரு நகரம். 2010 மே மாத வெப்ப அலையில் அங்கே வழக்கத்தைவிட 1,300க்கு மேற்பட்டோர் அதிகமாக இறந்தார்கள். 2013இல் அந்த நகரம் வெப்பத்துக்கென்று ஒரு செயல்திட்டம் கொண்டுவந்தது. பிறகு ஏழைகளின் குடியிருப்புகளில் கூரைக்கு வெள்ளை அடிக்கும் வேலையும் தொடங்கியது. அந்த வேலையில் முன்னால் நின்ற அமைப்புகளில் ஒன்று மகிளா ஹவுசிங் டிரஸ்ட். அது சேவா என்ற பெண் தொழிலாளர் சங்கத்தின் வழியில் வந்தது. சேவாவை 1972இல் தொடங்கியவர் இலா பட் அம்மையார். அதில் இருப்பவர்கள் பீடி சுற்றுபவர்கள், தையல் வேலை செய்பவர்கள், தெருவில் காய்கறி விற்பவர்கள். வீட்டுக்குள்ளேயே வேலை செய்பவருக்கு வீட்டின் வெக்கை தொழில் பிரச்சினையும்தான் என்று அந்தப் பெண்கள் கண்டுகொண்டார்கள். சம்பளம் மட்டும்தான் சங்க விஷயம் என்று அவர்கள் நினைக்கவில்லை.

நமது மலைக்கு எது சரி?

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே போய் நுவரெலியாவில் தகரத்துக்கு வெள்ளை அடித்துவிடாதீர்கள்! அங்கே குளிர்தான் பிரச்சினை. வெள்ளைக் கூரையால் லாபமில்லை. அங்கே வேண்டியது சீலிங். பகல் சூட்டையும் தடுக்கும், இரவுக் குளிரையும் தடுக்கும், பனி சொட்டுவதையும் குறைக்கும், மழைச் சத்தத்தையும் குறைக்கும். ஓடு போடலாம், ஆனால் குரங்கு உடைக்கும். பெருங்காற்று அடிக்கும் மேட்டில் தகரத்தை ஒழுங்காக இறுக்காவிட்டால் கூரையே பறந்துவிடும். இரத்தினபுரி, கேகாலை, களுத்துறைப் பக்கம் இறப்பர் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு நான் சொன்ன வெள்ளைக் கூரை பொருந்தும். மொனராகலைப் பக்கத்துக்கும் அப்படித்தான்.

ஒரே வரைபடத்தை வைத்து எல்லா இடத்திலும் ஒரே கூரையைப் போடுவது சரியில்லை என்று சொல்வது இதனால்தான். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து, தோட்டங்களுக்கு மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். அதற்கு முன்பே 4,000 வீட்டுத் திட்டம் இருந்தது. ஏழு பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு என்று நம் ஆட்கள் காத்திருக்கிறார்கள். கிடைத்தவர்களும் உண்டு, இன்னும் லயத்திலேயே இருப்பவர்களும் உண்டு. அந்த வீடுகள் பற்றிய கூட்டம் நடக்கும்போது எத்தனை அறை, மலசலகூடம் எங்கே, உறுதிப்பத்திரம் எப்போது என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். அதோடு இன்னும் நான்கு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூரை என்ன பொருள்? அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கிறதா? எங்கள் இடத்து வெயிலுக்கும் குளிருக்கும் காற்றுக்கும் அது பொருந்துமா? சீலிங் திட்டச் செலவில் உண்டா, அல்லது எங்கள் தலையில் விழுமா?

நான்கே கேள்விதான். கிளைக் கூட்டத்தில் கேளுங்கள். தலைவர் மறந்தால் ஞாபகப்படுத்துங்கள். முக்கியமாக அக்காமார் கேளுங்கள். விடிய எழுந்து அடுப்படியில் நிற்பதும், மத்தியானம் பிள்ளையை உறங்க வைப்பதும் நீங்கள்தானே.

எங்கள் அம்மா இப்போது என்னோடு இங்கேதான் இருக்கிறார். போன வருடம் எங்கள் தகரத்துக்கு வெள்ளை அடித்து, கீழே சீலிங் போட்டேன். காசு சேர்க்க ஒரு வருடம் பிடித்தது. சித்திரையில் ஒரு நாள் மத்தியானம் வேலையிலிருந்து சாப்பிட வந்தேன். அம்மா உள்ளே பாய் போட்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்து அவர் பகலில் வீட்டுக்குள் தூங்கியது அன்றைக்குத்தான். எழுப்பாமல் நானே சோற்றைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

காலையில் கேட்ட அக்காவுக்கு இதுதான் பதில்.